எண்ணும் கண்ணுக்குப் பயிற்சி: பேராக் மாநிலமும் விந்துப் பரிசோதனையின் அடிப்படைகளும்

குழந்தைப் பேறு தள்ளிப்போகும் இணையருக்குச் செய்யப்படும் சோதனைகளில் செலவு குறைந்ததும், உடலில் ஊசி படாததும், ஆனால் மிக எளிதாகத் தவறிப்போவதும் ஆணின் விந்துப் பரிசோதனையே ஆகும். இரத்தத்தில் உள்ள சர்க்கரையையோ கொழுப்பையோ கருவி அளந்து எண்ணாக அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. விந்துப் பரிசோதனையில் மட்டும் இன்றும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் ஒரு மனிதர் நுண்நோக்கியின் மேல் குனிந்து, ஒவ்வொரு விந்தணுவாகப் பார்த்து, எண்ணி, அது நகர்கிறதா, எவ்வளவு விரைவாக நகர்கிறது, அதன் உருவம் சரியாக உள்ளதா என்று தீர்மானிக்கிறார். இங்கே அளவுகோலாக நிற்பது அவர் பெற்ற பயிற்சிதான். அந்தப் பயிற்சி குறைவாக இருந்தால், அறிக்கையில் தசமப் புள்ளியுடன் அச்சிடப்படும் எண் பார்வைக்குத் துல்லியமாகத் தோன்றினாலும், ஒரு குடும்பத்தின் அடுத்த பல ஆண்டுகளைத் தவறான பாதையில் செலுத்திவிடக்கூடும்.

பேராக் மாநிலத்தின் தமிழர்களுக்கு நுண்நோக்கியுடனான உறவு புதியதன்று. 1877-இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டதிலிருந்து விரிந்த தோட்டப் பொருளாதாரம் தென்னிந்தியத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்தபோது, அவர்களுடைய உடல்நலத்தை முதன்முதலில் தீர்மானித்த நோய்களுள் முதன்மையானது மலேரியா. அதைக் கண்டறிய விரல் நுனியிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, ஒட்டுண்ணியைத் தேடும் வேலையும் பயிற்சி பெற்ற கண்ணையே நம்பியிருந்தது. 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அத்தகைய நோய்களுக்கான ஆய்வின் மையமாக விளங்கியது. தோட்டங்களில் ‘டிரெஸ்ஸர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்களே தொழிலாளர்கள் அன்றாடம் கண்ட மருத்துவம்; அவர்களுடைய தகுதியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 1965-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பயிற்சி இல்லாத கை மருத்துவத்தைத் தொடக்கூடாது என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆயினும் தோட்ட மருத்துவம் காய்ச்சல், காயம், பிரசவம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. பிள்ளையில்லாத் துயரம் அதன் பதிவேட்டில் இடம்பெறும் நோயாக இருக்கவில்லை.

அந்தத் துயரம் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகளில் பெண்ணின் குறையாகவே பேசப்பட்டது. கோயில் நேர்த்திக்கடன், விரதம், நாட்டு மருந்து, இறுதியில் இரண்டாம் திருமணம் என்று நீண்ட வழிகளில் எதிலும் கணவனைச் சோதிப்பது ஒரு கட்டமாக இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்களான இரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் கொடுத்து, குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் சிறு நகரங்களின் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பின்னரும் அந்தப் பழக்கம் முற்றாக மாறிவிடவில்லை. துண்டாடலால் தொழிலாளர்கள் வீதிக்கு வருவதைத் தடுக்கவென்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இம்மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில்தான். நிலத்தைக் காக்கக் கூடிநின்ற சமூகம், குடும்பத்துக்குள் பெண்ணின் மேல் விழும் இந்தப் பழியைக் குறித்து அவ்வளவு வெளிப்படையாகப் பேசியதில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உலக அளவில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் கருவுறாமையை எதிர்கொள்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. கருத்தடை எதுவுமின்றி 12 மாதம் முயன்றும் கரு தங்காத நிலையே கருவுறாமை எனப்படும். அதற்கு ஆளாகும் இணையர்களில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும், தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ, இருப்பது பல ஆய்வுகளில் காணப்படுகிறது. மலேசிய இந்தியர்களின் பிறப்பு விகிதம் பதிலீட்டு அளவான 2.1-ஐவிட மிகக் கீழே இறங்கியிருப்பதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தாமதத் திருமணம், கல்வி, வீட்டுச் செலவு, வேலைக்குப் போகும் பெண்கள் ஆகிய பல காரணங்கள் அதற்கு உண்டு, அதைக் காட்டி ஆண்களின் விந்து கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. ஒரு சமூகத்தின் விந்துத் தரத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால்கூட, முதலில் நம்பத்தக்க முறையில் எண்ணத் தெரிந்த ஆய்வுக்கூடங்கள் அங்கே இருக்க வேண்டும்.

அந்த முறையை உலகுக்குப் பொதுவாக்கும் முயற்சி 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வுக்கூடக் கையேட்டுடன் தொடங்கியது. 1987, 1992, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட அக்கையேட்டின் ஆறாம் பதிப்பு 2021-இல் வந்தது. அதே ஆண்டில் அடிப்படை விந்துப் பரிசோதனைக்கென்றே ஐஎஸ்ஓ 23162 என்ற அனைத்துலகத் தரநிலையும் வெளியாயிற்று. எந்தக் குழாயைப் பயன்படுத்துவது, எத்தனை அணுக்களை எண்ணுவது, இரண்டு எண்ணிக்கைகள் எவ்வளவு வேறுபட்டால் மறுபடி எண்ணுவது என்பது வரை இவை வரையறுத்துச் சொல்கின்றன. ஆனால் கையேடு அலமாரியில் இருப்பதும், அதன்படி கை இயங்குவதும் வேறுவேறு. பால்மரத்தில் பட்டையைக் கீறும் கத்தியின் ஆழமும் சாய்வும் மரத்துக்குக் காயம்படாமல் அமைய, சொல்லிக்கொடுத்தது போதாமல் நெடுநாள் பழக்கம் தேவைப்பட்டதைப் போல, இந்த வேலையும் பக்கத்தில் நின்று திருத்துபவர் ஒருவரிடம் கற்றால் மட்டுமே கைவரும்.

பயிற்சி நுண்நோக்கிக்கு முன்பே, மாதிரி வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. விந்து வெளியேற்றாமல் இருந்த இடைவெளி 2 முதல் 7 நாள்வரை இருக்க வேண்டும். மாதிரி முழுவதும் குப்பிக்குள் விழுந்திருக்க வேண்டும். முதலில் வெளிப்படும் பகுதியில்தான் பெரும்பான்மையான விந்தணுக்கள் இருக்கின்றன என்பதால், அந்தப் பகுதி சிந்திப்போனால் எண்ணிக்கை செயற்கையாகக் குறைந்துவிடும். கூச்சத்தால் சிந்தியதைச் சொல்லாமல் விடும் ஆண்கள் பலர். ஆகவே அதைப் பழிதொனிக்காமல் தனிமையில் கேட்டுப் பதிவு செய்வதும், நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்பதும் ஆய்வுக்கூடப் பணியாளர் கற்க வேண்டிய திறமைகளே. சாதாரண இலேட்டக்ஸ் ஆணுறையில் மாதிரி எடுத்துவரக் கூடாது, அதில் உள்ள பொருள்கள் விந்தணுவின் இயக்கத்தைக் கெடுக்கும் என்பதும் சொல்லப்பட வேண்டும்; இரப்பர்ப் பாலைக் கொண்டே வாழ்ந்த மண்ணில் இது பலருக்கும் வியப்பான செய்தியாக இருக்கும்.

காலமும் தூரமும் பேராக்கில் தனிச் சிக்கல். மாதிரி எடுத்த 30 நிமிடத்தில், எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள், பரிசோதனை தொடங்கிவிட வேண்டும். வழியில் அது மிகவும் குளிரவோ சூடாகவோ கூடாது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பதால் அங்கிருந்து வருவோர் இந்த எல்லைக்குள் சமாளிக்கலாம். தெலுக் இந்தானோ கிரிக்கோ அப்படியில்லை. வீட்டில் எடுத்து, மோட்டார்சைக்கிள் பெட்டியில் வைத்து வெயிலில் கொண்டுவரப்பட்ட மாதிரியில் அசையாத அணுக்கள் மிகுந்திருந்தால், அது அந்த ஆணின் நிலையா பயணத்தின் விளைவா என்று எவராலும் பிரித்தறிய இயலாது. ஆய்வுக்கூடத்தின் அருகிலேயே பூட்டக்கூடிய ஒரு தனியறை இருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்; விலையுயர்ந்த கருவிகளைவிட அந்த அறைக்கே முன்னுரிமை தரப்பட வேண்டும்.

வெளிப்பட்டவுடன் கூழ்போல் உறைந்திருக்கும் விந்து, புராஸ்டேட் சுரப்பியின் நொதிகளால் 30 நிமிடத்துக்குள், சிலருக்கு ஒரு மணி நேரத்துக்குள், நீர்த்துப்போகிறது. அதன்பின் அளவு காண்பதற்குக் கையேடு பரிந்துரைப்பது எடைபோடுதலை: வெற்றுக் குப்பியின் எடையை முன்னரே குறித்துவைத்து, மாதிரியுடன் மீண்டும் எடைபோட்டு, ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராகக் கொள்வது. உறிஞ்சிக்குழாயால் அளந்தால் பிசுபிசுப்பான திரவம் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்துவிடும். இதே பிசுபிசுப்பு அடுத்த கட்டத்தில் இன்னும் பெரிய பிழைக்குக் காரணமாகிறது. சாதாரணமாக ஆய்வுக்கூடங்களில் உள்ள, காற்றை இடையில் வைத்து உறிஞ்சும் பிப்பெட், 50 மைக்ரோலிட்டர் என்று காட்டிவிட்டு 40 மட்டுமே எடுத்தால், விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்துவிடும். திரவத்தை உந்துதண்டு நேரடியாகத் தொட்டு இழுக்கும் வகைப் பிப்பெட்டே இதற்கு உரியது. மாதிரியை நன்றாகக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும் என்பதும் அவ்வளவே முக்கியம்.

எண்ணிக்கையே இந்தப் பயிற்சியின் மையப்பகுதி. நியூபவர் அறை எனப்படும் தடித்த கண்ணாடிச் சில்லில், ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கட்டம் 25 பெருஞ்சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மூடுகண்ணாடி முறையாகப் பொருத்தப்பட்டால் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, ஆகவே கட்டம் முழுவதன் கொள்ளளவு 100 நானோலிட்டர், ஒரு பெருஞ்சதுரத்தின் கொள்ளளவு 4 நானோலிட்டர். விந்தை 20 மடங்கு நீர்க்கச் செய்து, அறையில் நிரப்பி, அணுக்கள் அடியில் படியும்வரை ஈரப்பதமான மூடிய பெட்டியில் வைத்திருந்து, 10 பெருஞ்சதுரங்களில் 200 விந்தணுக்கள் காணப்பட்டால், 40 நானோலிட்டரில் 200, அதாவது ஒரு நானோலிட்டரில் 5 என்று பொருள். 20-ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 10 கோடி. கணக்கு எளிது. ஆனால் கோட்டின்மேல் கிடக்கும் அணுவை எந்தச் சதுரத்தோடு சேர்ப்பது, தலையற்ற வாலை எண்ணுவதா, வட்டமான வேறு செல்லை விந்தணுவிலிருந்து எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்கு ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவர் இருவிதமாக விடைகண்டால், எண்கள் ஒத்துவரவே மாட்டா.

எத்தனை அணுக்களை எண்ணுவது என்பதிலும் புள்ளியியல் ஒன்று அடங்கியுள்ளது. சிதறிக் கிடக்கும் பொருள்களை எண்ணும்போது, தற்செயலால் ஏற்படும் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூல அளவினதாக இருக்கும். 25 அணுக்களை மட்டும் எண்ணினால் பிழை 5, அதாவது 20 விழுக்காடு. 400 அணுக்களை எண்ணினால் பிழை 20, அதாவது 5 விழுக்காடு. அதனால்தான் தனித்தனியே நீர்க்கச்செய்த இரண்டு பங்குகளில் குறைந்தது 200 வீதம் எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது விதி. இரண்டு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 400 ஆக இருக்கையில் அவற்றின் வேறுபாடு 39-ஐத் தாண்டினால் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். வேலைப்பளு மிகுந்த ஆய்வுக்கூடத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த இரண்டாம் எண்ணிக்கைதான். நேரம் மிச்சமாகிறது, ஆனால் தவறைக் காட்டித்தரக்கூடிய ஒரே வழியும் அதனோடு போய்விடுகிறது.

இயக்கத்தை மதிப்பிடுவதில் கண் ஏமாறும் விதம் வேறானது. 10 மைக்ரோலிட்டர் விந்தைச் சில்லில் வைத்து, 22 மில்லிமீட்டர் சதுர மூடுகண்ணாடியால் மூடினால் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள படலம் கிடைக்கும்; அதில் அணுக்கள் தடையின்றி நீந்த முடியும். வினாடிக்கு 25 மைக்ரோமீட்டரோ, அதாவது ஐந்து தலைநீளமோ, அதற்கு மேலோ முன்னேறுபவை விரைவானவை. அதற்குக் கீழே மெதுவாக முன்னேறுபவை, நின்ற இடத்தில் துடிப்பவை, அசையாதவை என்று மொத்தம் நான்கு வகை. விரைவானவற்றையும் மெதுவானவற்றையும் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றாக்கியது. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு மீண்டும் பிரித்தது. இது சரியான முடிவு என்றே கருத வேண்டும், ஏனெனில் விரைவாக முன்னேறும் அணுக்களின் பங்கு மருத்துவருக்குத் தனித் தகவலாகும். நகரும் பொருளே கண்ணை இழுப்பதால், பழகாதவர் பார்வைப்புலத்துக்குள் நீந்திவரும் புதிய அணுக்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறார். அசையாதவை கணக்கில் குறைந்துபோகின்றன. குளிரூட்டப்பட்ட அறையில் சூடேற்றும் மேடையின்றிப் பார்ப்பவருக்கோ நேர்மாறாக விரைவு குறைந்து தெரியும். விரைவை 37 பாகை செல்சியசில் பார்த்தால்தான் மற்ற ஆய்வுக்கூடங்களின் முடிவோடு ஒப்பிட முடியும். அசையாதவை மிகுதியாயின் அவை இறந்தவையா, உயிருடன் இருந்தும் வால் இயங்காதவையா என்பதை இயோசின்-நைக்ரோசின் சாயத்தால் அறியலாம். சிதைந்த படலத்தின் வழியே சாயம் புகுந்து இறந்த அணுவின் தலை இளஞ்சிவப்பாகும்.

உருவமைப்பு பற்றிய பகுதியே எல்லாவற்றினும் கடினமானது, பொதுமக்களை மிகவும் குழப்புவதும் அதுவே. 1980-ஆம் ஆண்டுக் கையேடு இயல்பான உருவம் கொண்ட அணுக்கள் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்றது. 1987-இல் அது 50, 1992-இல் 30, 2010-இல் 4 என்று இறங்கியது. இந்த எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து ஆண்களின் விந்து முப்பதாண்டில் சீரழிந்துவிட்டது என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் இறங்கியது பெரும்பாலும் வரையறைதான்: தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க் மருத்துவமனையில் 1980-களில் உருவான கண்டிப்பான அளவுகோல், சற்றே ஐயத்துக்கு இடமான உருவத்தையும் இயல்பற்றது என்று ஒதுக்கச் சொன்னது. பாப்பனிக்கோலாவ் சாயமேற்றிய சில்லில் தலையின் நீள்வட்ட வடிவம், அதன் முன்பகுதியை மூடும் தொப்பி போன்ற உறுப்பு, நடுப்பகுதி, வால் அனைத்தும் குற்றமற்றவையாக இருந்தால்தான் அது இயல்பானது. ஆகவே அறிக்கையில் இயல்பான உருவம் 5 விழுக்காடு என்று கண்டு, 95 விழுக்காடு பழுது என்று ஒரு கணவர் கலங்கினால், அந்தக் கலக்கத்துக்கு அறிக்கை எழுதியவரின் மௌனமும் காரணமாகிறது.

ஒப்பீட்டு எல்லைகள் அனைத்துக்கும் இதே விளக்கம் தேவை. ஆறாம் பதிப்பு தரும் எல்லைகளான செறிவு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, ஒரு மாதிரியின் மொத்த விந்தணு 3.9 கோடி, மொத்த இயக்கம் 42 விழுக்காடு, முன்னேறும் இயக்கம் 30 விழுக்காடு ஆகியவை, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற 3,500-க்கும் மேற்பட்ட ஆண்களின் முடிவுகளில் மிகக் கீழேயுள்ள 5 விழுக்காட்டைப் பிரிக்கும் புள்ளிகள். அந்த எல்லைக்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் அந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு சீனா, ஈரான், எகிப்து ஆகிய நாடுகளின் ஆண்கள் இடம்பெற்ற அத்தொகுப்பில் இந்தியாவும் மலேசியாவும் இல்லை. இந்த எல்லைகள் பேராக் தமிழர்களுக்குப் பொருந்தா என்று இதனால் முடிவுகட்ட முடியாது. ஆனால் இந்த வட்டார ஆண்களைப் பற்றிய நம்பத்தக்க தரவு ஒருநாள் சேர வேண்டுமானால், அதைத் தரும் தகுதியை இங்குள்ள ஆய்வுக்கூடங்கள் முதலில் பெற்றாக வேண்டும்.

பயிற்சியால் உண்மையில் பயன் விளைகிறதா என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வி. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் நடத்திய அடிப்படை விந்துப் பரிசோதனை வகுப்புகளில் 1995 முதல் 1999 வரை பயின்றவர்களின் முடிவுகளை லார்ஸ் பியோர்ண்டால், கிறிஸ்டோபர் பாரட், உல்ரிக் க்விஸ்ட் முதலியோர் தொகுத்து 2002-இல் வெளியிட்டனர். சில நாள்களே நீடித்த வகுப்பில் பயிலுநர் அனைவரும் ஒரே மாதிரியை எண்ணி, தமது விடையை ஆசிரியர்களின் விடையோடு ஒப்பிட்டு, பிழையின் காரணத்தைத் தேடித் திருத்தி, மறுபடி எண்ணினர். வகுப்பு முடியும்போது அவர்களுடைய விடைகளுக்கு இடையிலான சிதறல் தெளிவாகக் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்து வந்தவர்கள் என்பதையும் கருதினால், ஆண்டுக்கணக்கில் செய்த பழக்கம் மட்டுமே திறமையைத் தந்துவிடாது, ஒப்பிட ஒருவர் இல்லாதபோது தவறும் பழக்கமாக உறைந்துவிடும் என்பது விளங்கும். வகுப்போடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் இருவர் ஒரே மாதிரியை ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாமல் எண்ணி ஒப்பிடும் உட்சோதனையும், வெளியிலிருந்து வரும் ஒரே மாதிரியைப் பல ஆய்வுக்கூடங்கள் எண்ணி அனுப்பும் வெளிச்சோதனையும் தொடர்ந்து நடந்தால்தான் கற்ற திறமை நழுவாமல் நிற்கும்.

மலேசியாவில் இதற்கான சட்டகம் பெருமளவு உள்ளது. மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்களைத் தன்னுள் கொண்டுவரும் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று பெறும் ஆய்வுக்கூடங்கள் பணியாளரின் திறமையை ஆவணத்தால் நிறுவ வேண்டியிருக்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து கருவுறுதல் சிகிச்சைக்குப் பணம் எடுக்கும் வசதி 2020-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து நகர்ந்து, தொழிற்சாலையிலும் பாதுகாவலர் வேலையிலும் சேர்த்த சேமநிதியை ஒரு குடும்பம் சிகிச்சைக்காகக் கரைக்கும்போது, அந்தச் சிகிச்சையின் முதல் முடிவு தவறான எண்ணிக்கையின் மேல் எடுக்கப்படுவது பெரும் அநீதி. மாநிலத்தின் முதன்மை அரசு மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையும், பேராக் அரச மருத்துவக் கல்லூரியும் ஈப்போ என்ற ஒரே நகரில் இருப்பதால், தைப்பிங், தெலுக் இந்தான், கோலகங்சார் ஆய்வுக்கூடப் பணியாளர்களும் தனியார் ஆய்வுக்கூடத்தினரும் ஆண்டுதோறும் ஒன்றுகூடி ஒரே மாதிரியை எண்ணி ஒப்பிடும் சிறு வகுப்பை அங்கே நடத்துவதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாது: சில நுண்நோக்கிகள், நியூபவர் அறைகள், சரியான பிப்பெட்டுகள், திருத்தத் தெரிந்த ஓரிரு ஆசிரியர்கள் போதும். கணினி வழி எண்ணும் கருவிகளை முதலில் வாங்கிவிட்டால் பயிற்சி தேவைப்படாது என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. விந்தணுவையும் அழுக்குத் துகளையும் அந்தக் கருவி குழப்பும் இடத்தில், குழப்பம் நேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

அறிக்கை எழுதுவதும் அந்த வகுப்பில் ஒரு பாடமாக இருக்க வேண்டும். இடைவெளி நாள்கள், மாதிரி எடுத்த நேரம், பரிசோதனை தொடங்கிய நேரம், மாதிரி முழுமையானதா என்பவை எண்களோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். விந்தணு ஒன்றுகூடத் தென்படாத மாதிரியைச் சுழற்சிக் கருவியிலிட்டு, அடியில் படிந்ததையும் தேடிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாளும், அதன்பின் வெளிவரச் சில நாள்களும் ஆவதால், இரண்டு மாதத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சலில் படுத்த ஒருவரின் இன்றைய மாதிரி அந்தக் காய்ச்சலின் தடயத்தையும் சுமந்திருக்கக்கூடும். ஒரே ஆணின் மாதிரிகள் வாரத்துக்கு வாரம்கூடப் பெரிதும் மாறுபடும். எனவே முதல் அறிக்கை குறைவாக வந்தால், உரிய இடைவெளி விட்டு இரண்டாம் மாதிரியைக் கேட்டு வாங்கி, இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே மருத்துவர் அந்த ஆணிடமும் அவருடைய மனைவியிடமும், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, முடிவைச் சொல்ல வேண்டும்.